பத்துப் பேர்ச் வளவும் மாசி மாத நெருப்பும்

வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் பதினெட்டு வருடம் இருந்தோம். அங்கே நெருப்புப் பயம் என்றால் காஸ் சிலிண்டர், பழைய வயர், அணைக்க மறந்த சாமி விளக்கு, அவ்வளவுதான். ஹெந்தளைப் பக்கம் வளவோடு ஒரு வீடு வாங்கிக்கொண்டு வந்த முதல் பெப்ரவரியில், கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் தூளாகிப்போனது. புல்லின் கரி. புல் தாளில் ஓடும் நரம்புகூட அப்படியே தெரிந்தது. கிழக்கே முத்துராஜவெலச் சதுப்பில் எங்கோ எரிந்துகொண்டிருந்தது.

காட்டுத்தீ என்றால் எல்ல, ஹப்புத்தளைப் பக்கத்து மானாப்புல் மலைகள் என்றுதான் கொழும்பில் இருக்கிற நாங்கள் நினைப்போம். கூடினால் 2018 மார்ச்சில் தமிழ்நாட்டின் தேனிப் பக்கத்துக் குரங்கணி மலையில் பற்றிய தீ ஞாபகம் வரும். ஆனால் களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் நடுவில் 3,000 ஹெக்டேயருக்கு மேல் புல்லும் கோரையுமாகக் கிடக்கிறது முத்துராஜவெல. தலங்கம, பெல்லன்வில, அத்திடியப் பக்கமும் சதுப்பு நிலங்கள்தான். 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. ஈரநிலம் என்று பெயர்தான். தையிலும் மாசியிலும் அதன் மேற்புல் வைக்கோல் மாதிரிக் காய்ந்துவிடும்.

மாடியிலிருந்து இறங்கி முதல்முறையாக வளவுள்ள வீட்டுக்கு வந்தவர்களுக்காக, இந்த நெருப்பிலிருந்து வீட்டைக் காப்பது பற்றி எழுதுகிறேன். ஜனவரி, பெப்ரவரிதான் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். மார்ச் கடைசியில் பின்னேர இடிமழை தொடங்கிவிட்டால் பாதிக் கவலை போய்விடும். ஆகவே வேலையை டிசம்பர் கடைசியில் தொடங்கித் தைப்பொங்கலுக்கு முன் முடியுங்கள். பொங்கலுக்கு வளவு துப்பரவாக்குவது எப்படியும் வழக்கம்தானே, அதையே கொஞ்சம் கவனமாகச் செய்தால் சரி.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நெருப்பு ஒரு சுவர் மாதிரி எழுந்து வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பரடைஸ் ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: வீடு சாம்பலாகிக் கிடக்கும், பக்கத்தில் மரம் பச்சையாக நிற்கும். காற்றோடு பறந்து வந்த தீப்பொறி கூரையோர மழைநீர்ப் பீலியில் விழுந்திருக்கும், கால்மிதியில் விழுந்திருக்கும், கூரை இடுக்கில் புகுந்திருக்கும். அங்கிருந்து வீடு பற்றி, பிறகு அடுத்த வீடு.

அமெரிக்க வனச் சேவையில் இருந்த ஜாக் கோஹன் என்ற ஆய்வாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். கனடாவின் வடக்கே உண்மையான காட்டைக் கொளுத்தி, அதன் முன்னே மரச் சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீற்றர் தள்ளி நின்ற சுவர் சிலவேளை பற்றியது. 30 மீற்றர் தள்ளி நின்றது பற்றவே இல்லை. அதனால்தான் அந்த நாடுகளில் வீட்டைச் சுற்றி மூன்று வட்டம் போட்டுச் சொல்கிறார்கள்: சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர், பிறகு 9 மீற்றர், பிறகு 30 மீற்றர். உள்ளே வர வர எரியக்கூடிய பொருள் குறைய வேண்டும்.

இங்கேதான் நமக்குச் சிக்கல். பத்துப் பேர்ச் காணி என்பது சுமார் 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 16 மீற்றர்கூட இல்லை. அதற்குள் வீடும் நிற்கிறது. கலிஃபோர்னியாக்காரர் சொல்கிற மூன்றாம் வட்டம் பக்கத்து வீட்டையும் தாண்டி, அதற்கடுத்த ஒழுங்கையில் போய் முடியும். ஆகவே நம்முடைய ஒன்றரை மீற்றரை நாம் மிகச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், மிச்சத்தை அயலவரோடு பேசித்தான் தீர்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இதில் பாதி வேலை விளக்குமாற்றால், மிச்சம் வாயால்.

பீலி

ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் பீலியைத் துப்பரவாக்குங்கள். நான் முதல்முறை ஏணி வைத்து ஏறியபோது இரண்டு உரப்பை நிறைய வந்தது. மாவிலை, காய்ந்த மாம்பூ, தென்னம் பன்னாடைத் துண்டுகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பூப்பந்து ஒன்று, மூலையில் தென்னந்தும்பால் பின்னிய அணில் கூடு. அந்தத் தும்பில் ஒரு பிடியைச் சீமெந்துத் தரையில் வைத்து, எரிந்துகொண்டிருந்த நுளம்புத்திரியின் நுனியை ஒடித்து அதன் மேல் போட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தும்பு ஓரமாகச் சிவந்து, புழு ஊர்வது மாதிரி உள்ளே போனது. லேசாக ஊதினேன், சுவாலை வந்துவிட்டது. பயறு அளவு தணல்தான்.

தகரப் பீலி என்றால் சருகு அதற்குள்ளேயே எரிந்து பின்னாலுள்ள பலகையைப் பற்றவைக்கும். பிளாஸ்ரிக் பீலி உருகிக் கீழே விழும், அங்கே என்ன இருக்கிறதோ அது எரியும். எதுவானாலும் சுத்தமாக இருந்தால் பயமில்லை. மரம் நெருங்கி நிற்கிற வீடு என்றால் தையிலும் மாசியிலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஏற வேண்டும். கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம். டெங்குக்கு வீடு பார்க்க வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் முதலில் அண்ணாந்து பார்ப்பது பீலியைத்தான், ஆக இந்த வேலை இரண்டு கணக்கில் சேரும்.

கூரையும் காற்றுத் துவாரமும்

ஓட்டுக் கூரை நெருப்புக்கு நல்லதுதான், ஆனால் ஓடு விலகிய இடத்தால் தீப்பொறி உள்ளே விழும். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். முகட்டோட்டின் சாந்து கழன்றிருந்தால் பூசுங்கள். சீலிங்குக்கு மேலே பழைய பேப்பர், பிள்ளைகளின் கொப்பிகள், கிடுகு ஏதாவது ஏற்றி வைத்திருந்தால் இறக்கிவிடுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் ஷீற் எரியாது, ஆனால் கடும் சூட்டில் வெடித்துச் சிதறும். நெருப்பு நேரத்தில் அதன் கீழே நிற்க வேண்டாம். பிறகு துண்டுகளைக் காய்ந்தபடி கூட்டவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசத்தோடு பொறுக்குங்கள்.

யன்னலுக்கு மேலே எப்போதும் திறந்தபடி விட்டிருக்கும் காற்றுத் துவாரங்களைக் கவனியுங்கள். பலர் அதற்கு நைலோன் நுளம்பு வலை அடித்திருப்பார்கள். தீப்பொறி பட்டால் அது ஓட்டையாகிவிடும். கம்பிவலை போடுங்கள். கண் அளவு அவுஸ்திரேலியக் கட்டட விதிப்படி 2 மில்லிமீற்றர், கலிஃபோர்னியாவில் 3 மில்லிமீற்றர் வரை சரி என்கிறார்கள். ஹாட்வெயார் கடையில் சல்லடைக்கு விற்கிற சின்னக் கண் கம்பிவலை போதும்.

சுவரை ஒட்டிய ஒன்றரை மீற்றர்

வீட்டைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். சுவரிலிருந்து கையை நீட்டி இன்னும் ஓர் அடி வைத்தால் எவ்வளவு தூரம் வருமோ, அதற்குள் எரியக்கூடியது எது இருந்தாலும் அது இடம் மாற வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தவை: வாசல் தும்புக் கால்மிதி, பிரம்பு நாற்காலி, செருப்பு அடுக்கு, பழைய பேப்பர்க்காரனுக்குக் கட்டி வைத்த தினசரிகள், குசினிக்குப் பின்னால் விறகும் சிரட்டையும், ஓர்க்கிட் செடிக்குக் கட்டிய பச்சை வலை. அந்த வலைதான் மோசம். உருகிச் சொட்டுகிற பிளாஸ்ரிக் விழுந்த இடமெல்லாம் எரியும்.

சுவரோரம் மண் தரை என்றால் சல்லி போட்டுவிடுங்கள். குரோட்டன், வாழை மாதிரி ஈரமான செடிகள் கொஞ்சம் தள்ளி இருக்கலாம், காய்ந்த வாழைச் சருகை மட்டும் உரித்துவிட வேண்டும். மேலதிக காஸ் சிலிண்டரை நிமிர்த்தி, நிழலில், காற்றோட்டமான இடத்தில், சருகு சேராத மாதிரி வையுங்கள்.

தென்னை, பொச்சுமட்டை, மாமியின் புகை

ஒரு தென்னை வருடத்துக்குப் பன்னிரண்டு, பதினாலு ஓலை போடும். நாலு மரம் நின்றால் வருடத்துக்கு ஐம்பது ஓலை. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். எங்கள் வளவில் விழுந்ததை ஒருவரும் எடுக்காமல் மதிலோரம் அடுக்கி வைத்திருந்தோம், ஆள் உயரத்துக்கு. அதைப் போல விறகு வேறில்லை. இப்போது மாதம் ஒருமுறை விளக்குமாறு கட்டுகிற ஓர் அம்மா வந்து ஈர்க்கு எடுத்துக்கொண்டு போகிறார். மட்டையை ஒருவர் அடுப்புக்குக் கேட்டு வாங்குகிறார். எங்களிடம் தேங்குவது குறைவு.

தேங்காய் உரித்த பொச்சுமட்டை இன்னும் பொல்லாதது. மழையில் தண்ணீர் பிடித்து நுளம்பு வளர்க்கும், வெயிலில் காய்ந்தால் தணலை மணிக்கணக்கில் உள்ளே ஒளித்து வைத்திருக்கும். நல்ல வழி, தென்னையைச் சுற்றிக் குழி வெட்டி மட்டைகளை அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் மண் போட்டு மூடுவது. மரத்துக்கு வெயில் காலத்தில் ஈரம் நிற்கும்.

சருகைக் கொளுத்துவது பற்றி எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. மாமி யாழ்ப்பாணத்தில் நாற்பது வருடம் பின்னேரத்தில் கூட்டிக் கொளுத்தியவர். “புகை போட்டால்தானே நுளம்பு போகும் தம்பி, இது என்ன புதுக் கதை?” என்றார். அங்கே வளவு பெரிது, மண் தரை, அயல் வீடு எட்ட. இங்கே மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் படுக்கையறை யன்னல். கொளுத்தாதீர்கள் என்று முடிவாகவே சொல்கிறேன். மூலையில் குழி வெட்டிச் சருகைப் போட்டு, குசினிக் கழிவையும் சேர்த்து, மேலே மண் தூவுங்கள். ஆறு மாதத்தில் பசளை. மாமி இப்போது அந்தக் குழிக்குப் பக்கத்தில் கத்தரி வைத்திருக்கிறார், புகை பற்றிப் பேசுவதில்லை.

மரக்கிளை கூரையைத் தொட்டால் வெட்டுங்கள். மின்கம்பியைத் தொட்டால் நீங்கள் வெட்டக் கூடாது. மின்கட்டணப் பட்டியலிலுள்ள இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், அவர்கள் லைனை நிறுத்திவிட்டு வந்து வெட்டட்டும்.

தண்ணீர்: கணக்குப் பார்த்து நம்புங்கள்

ஹோஸ் இருக்கிறது, தாங்கி நிறையத் தண்ணீர் இருக்கிறது, பயமில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தேன். பத்து லீற்றர் வாளி நிறைய ஒரு நிமிடமும் நாற்பது செக்கனும் எடுத்தது. அதாவது நிமிடத்துக்கு ஆறு லீற்றர். ஆயிரம் லீற்றர்த் தாங்கி இரண்டேமுக்கால் மணித்தியாலம் வரும், ஆனால் அந்த ஒழுக்கால் சருகுத் தீயை அணைக்கலாம், அதற்கு மேல் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் தாங்கி பன்னிரண்டு அடி உயரத் தட்டில் இருக்கிறது, கூரை முகடு பதினாறு அடி. தாங்கியின் மட்டத்துக்கு மேல் தண்ணீர் தானாக ஏறாது. ஹோஸின் வாயை எவ்வளவு நெரித்துப் பிடித்தாலும் முகட்டுக்குப் போகவில்லை. கூரையில் விழுகிற பொறிக்கு ஏணியும் வாளியும்தான். வீட்டில் ஏறக்கூடியவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கிணற்று மோட்டரை நம்பினால் கரண்ட் போனதும் அது நின்றுவிடும். கயிறும் வாளியும் கிணற்றடியில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் வெயில் காலத்தில் மெல்லத்தான் வரும், ஆகவே பெரிய பரல் ஒன்றில் பிடித்து வையுங்கள். அங்கேதான் டெங்கு வந்து நிற்கிறது: பரலை இறுக்கமாக மூட வேண்டும், கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி உட்சுவரைத் தேய்க்க வேண்டும். நுளம்பு முட்டை சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டால் போகாது.

பரலுக்குப் பக்கத்தில் இரண்டு கோணிச் சாக்கு, ஒரு மம்மட்டி, இலை வாரி, ஒரு வாளி மணல். புல்லில் ஓடுகிற சின்னத் தீயை நனைத்த சாக்கால் அடித்து அணைப்பது ஹோஸைவிட வேகம். குசினிக்கு ஒரு பவுடர் தீயணைப்பான் வாங்கலாம், முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். வளவுக்கு அது காணாது.

அடுத்த காணி

எங்கள் மதிலுக்குப் பின்னால் இருபது பேர்ச் வெற்றுக் காணி. சொந்தக்காரர் கனடாவில். கினிப்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மார்கழியில் பச்சை, மாசியில் வைக்கோல். ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன், பதில் வருமுன் மழை வந்துவிட்டது. அடுத்த வருடம் வேறு வழி பார்த்தேன். பின்வீட்டுச் சிங்கள அங்கிள் மூலம் சொந்தக்காரரின் தம்பியுடைய வாட்ஸ்அப் இலக்கம் கிடைத்தது. புல்லைப் படம் எடுத்து அனுப்பி, வெட்டுகிற கூலி இவ்வளவு, நாங்கள் மூன்று வீடும் பாதி போடுகிறோம், மிச்சத்தை நீங்கள் போடுங்கள் என்று எழுதினேன். அன்றிரவே பணம் வந்தது. சண்டை பிடிக்காமல் கணக்கோடு கேட்டால் ஆட்கள் தருகிறார்கள்.

புல்வெட்டும் மெஷினைக் காலையில், பனி ஈரம் காயுமுன் போடச் சொல்லுங்கள். நடுப்பகலில் பிளேட் கல்லில் பட்டால் பொறி பறக்கும், வெட்ட வந்தவரே கொளுத்திவிட்டுப் போய்விடுவார். வெட்டிய புல்லைக் குவித்து வைக்காமல் அன்றே ஏற்ற வேண்டும்.

ஒழுங்கையையும் பாருங்கள். எங்களுடையது பத்தடி அகலம். இரண்டு கார் ஓரமாக நின்றால் தீயணைப்பு வண்டி வரவே வராது. நாங்கள் ஒழுங்கைக்காரர் எல்லோரும் பேசி, தை மாசியில் இரவில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். பாதிப்பேர் கேட்கிறார்கள்.

பொங்கல், பட்டாசு

முற்றத்தில் பொங்கினால் கல்லடுப்பைச் சருகில்லாத இடத்தில் வையுங்கள். பாளையும் மட்டையும் வைத்து எரித்த அடுப்பில் பொங்கல் இறக்கிய பிறகும் தணல் கிடக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. டிசம்பர் 31 இரவு ரொக்கட் வாணம் எந்தக் கூரையில் விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆகவே பீலி வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

புகை

முத்துராஜவெலவில் புல்லுக்குக் கீழே கரிமண், அதாவது மக்கிய புல்லும் வேருமான மண், இருக்கிறது. வெயிலில் நீர்மட்டம் இறங்கினால் அதுவும் பற்றும். மேலே சாம்பல், கீழே தணல், அசல் நீறுபூத்த நெருப்பு. நாட்கணக்கில் புகையும். அணைந்துவிட்டது என்று நினைத்து அதன் மேல் நடக்கப் போகாதீர்கள், கால் உள்ளே போய்விடும்.

எங்கள் பக்கம் அந்த மாதங்களில் காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கடலிலிருந்து திரும்பும். ஆகவே சதுப்புப் புகை காலையில்தான் வீட்டுக்குள் வரும். கிழக்கு யன்னல்களை இரவே சாத்திவிட்டு, பின்னேரம் கடற்காற்று வந்ததும் திறக்கிறோம். ஆஸ்துமாக்காரர் இருந்தால் இன்ஹேலர் முடியுமுன் வாங்கி வையுங்கள். ஈரத் துணி நுண்ணிய புகையைத் தடுக்காது. என்95 முகக்கவசம்தான் தடுக்கும்.

வந்துவிட்டால்

தீயணைப்புக்கு 110, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. இதில் நம்மவர்கள் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. பதற்றத்தில் சிங்களம் வராது. வீட்டிலக்கம், ஒழுங்கையின் பெயர், கிட்ட இருக்கிற பன்சாலையோ தேவாலயமோ, இவற்றைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். மாமிக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது ஒரே சொல்: “கின்னக்”. நெருப்பு என்று. அதோடு ஒழுங்கையின் பெயரைச் சொன்னால் ஆள் வரும்.

ஒரு பையில் அடையாள அட்டைகள், பாஸ்போட், காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிகள், ஒரு கிழமைக்கு மருந்து, கொஞ்சக் காசு. சாமியறையில் இருக்கட்டும், எல்லோருக்கும் இடம் தெரியும். கார் எப்போதும் ஒழுங்கைப் பக்கம் முகம் பார்த்து நிற்கட்டும். புகை கிட்ட வந்தால் யன்னல், கதவுகளைச் சாத்துங்கள், துணித் திரைகளைக் கழற்றுங்கள், சிலிண்டர் ரெகுலேற்றரை மூடுங்கள், வாளிகளை நிரப்புங்கள். வெளியேறும்போது மட்டும் மெயின் சுவிட்சை அணையுங்கள், அதற்கு முன் அணைத்தால் மோட்டரும் நின்றுவிடும். சுவாலை மதிலைத் தாண்டி உயரமாகத் தெரிந்தால் ஹோஸைப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். முதியவர்களையும் பிள்ளைகளையும் அதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும், கடைசி நிமிடத்தில் மாமியையும் சாமிப் படத்தையும் ஒன்றாகத் தூக்க முடியாது.

தீ போன பிறகுதான் பலர் ஏமாறுகிறார்கள். போன வருடம் பின்காணிப் புல் ஓரமாகப் பற்றி, அங்கிளும் நாங்களும் சாக்கால் அடித்தே அணைத்தோம். பின்னேரம் ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தேத்தண்ணீர் குடித்தோம். இருட்டிய பிறகு டோர்ச் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றுங்கள் என்றார் அங்கிள், இருட்டில்தான் தணல் தெரியுமாம். பதினொரு மணிக்குப் போனோம், ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு மறுபடி போனேன். மதிலுக்கு இந்தப் பக்கம், நான் புதைக்காமல் விட்டிருந்த பத்துப் பதினைந்து பொச்சுமட்டைக்கு நடுவில், சின்னதாகச் சிவப்பு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாளி ஊற்றி, மம்மட்டியால் பிரித்து, இன்னொரு வாளி ஊற்றினேன். விடிந்ததும் குழி வெட்டத் தொடங்கினேன்.